வெட்டுப்புள்ளியும் கணினிக் கல்வியும்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெட்டுப்புள்ளிப் பட்டியலை வெளியிடும்போது, கற்பிட்டி தொடங்கிச் சிலாபம் வரை நீண்டு கிடக்கும் எங்கள் கரையோரத்துப் பாடசாலைகளிலும் அதுவே பேச்சாகின்றது. தசமத்தின் பின் நான்கு இலக்கம் வரை செல்லும் அவ்வெண்களைச் சிலர் பஞ்சாங்கம் பார்ப்பார்போல் பார்க்கின்றனர். எண் உயர்ந்த துறை உயர்ந்தது, எண் தாழ்ந்த துறை தாழ்ந்தது என்பதே அவர்தம் முடிபு. அண்மைக்காலமாக இவ்வளவுகோல் கணினிக் கல்வியின்மேல் வைக்கப்படுகின்றது. "பிறநாடுகளில் கணினி கற்பார் தொகை குறைகின்றதாமே, செயற்கை நுண்ணறிவு வந்தபின் அப்படிப்புக்கு மதிப்பேது?" என்று பெற்றோர் வினவுகின்றனர். உயர்தரத்திற் கணிதப் பிரிவை எடுப்பதோ விடுப்பதோ எனத் தயங்கி நிற்கும் மாணாக்கரும் அதனையே வினவுகின்றனர். (கணனி என்பதா, கணினி என்பதா என்னும் வழக்கு நம் நாட்டில் இன்னும் தீர்ந்தபாடில்லை. அதனைப் பிறிதொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.) வினா பொருளுடையதே, ஆயின் அதற்கு வெட்டுப்புள்ளியிடம் விடை தேடுதல் பொருந்தாது.

வெட்டுப்புள்ளி என்பது யாது? ஆணைக்குழுவினர் கூடியிருந்து, இக்கல்விக்கு இத்துணைத் தகுதி வேண்டும் என்று விதித்த எல்லையன்று அது. ஒரு கற்கைநெறிக்குத் தெரிவானோருள் இறுதியாக இடம் பெற்றவரின் புள்ளியே அது. 2001ஆம் ஆண்டளவிலிருந்து இதற்கு இசட் புள்ளி என்னும் கணக்கு வழங்கிவருகின்றது. ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, எஞ்சியதை நியம விலகலால் வகுப்பர்; மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்டு, அவற்றின் சராசரியை எடுப்பர். சராசரி 40 ஆகவும் நியம விலகல் 15 ஆகவும் அமைந்த தாளொன்றில் 70 பெற்றவர்க்கு அப்பாடத்தில் 2 கிடைக்கும். கடினமான தாளும் எளிதான தாளும் இதனால் ஒரு தராசில் நிறுக்கப்படுகின்றன. முறை நல்லதே. எனினும் அது மாணாக்கரை நிறுக்கும் தராசேயன்றித் துறையை நிறுக்கும் தராசன்று.

இனி மாவட்டக் கணக்கைக் காண்போம். 1970களில் மொழிவாரித் தரப்படுத்தலும் அதன்பின் மாவட்ட ஒதுக்கீடும் வந்தபோது எழுந்த கசப்பு தமிழ் மாணாக்கர் உலகில் இன்னும் ஆறவில்லை. அவ்வரலாறு தனியே விரித்தற்குரியது. இன்றுள்ள முறைப்படி, கலைத்துறை நீங்கலான பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 இடங்கள் மாவட்டக் குடித்தொகைக்கும், 5 இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. அப்பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று.

2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பிற் புத்தள மாவட்டத்தில் 7,62,396 பேர் இருந்தனர். நாட்டு மக்களில் இது நூற்றுக்கு நான்கிற்கும் குறைவு. ஓர் உதாரணத்துக்கு, 200 இடங்களைக் கொண்ட கணினிக் கற்கைநெறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாவட்டங்களுக்குரியவை 110. அவற்றுட் புத்தளத்தின் பங்கு நான்கு. மற்ற இரு வழிகளால் நுழைவோர் புறம்பு. அந்நால்வருட் கடைசியானவர் யாரோ, அவருடைய புள்ளியே பட்டியலிற் புத்தளத்தின் நேரே அச்சாகும் எண். அவர் தம் விருப்பப் பட்டியலில் மொறட்டுவைப் பொறியியலை முதலில் எழுதி, அது கிடைத்துச் சென்றுவிட்டால், அடுத்து நின்றவர் உள்ளே வருவார். எண் சடுதியாக இறங்கும். ஒரே ஒருவர் வேறு வழி சென்றதைக் கண்டு, "கணினிக்கு மதிப்புப் போயிற்று" என்று ஊர் பேசும்!

எண் இறங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி அமைந்தது 2002இல். மொறட்டுவையில் தகவல் தொழினுட்ப பீடம் அதற்கு முந்திய ஆண்டில் தோன்றியது. அதன்பின் சப்பிரகமுவ, வயம்ப, வவுனியா எனப் பல இடங்களிலும் இக்கல்வி பரவிற்று. இடங்கள் பெருகினால், கற்க விரும்புவோர் ஒருவரேனுங் குறையாதபோதும் கடைசியாக நுழைபவரின் புள்ளி இறங்கத்தான் செய்யும். அது நட்டமா, இலாபமா என்று வாசகரே கூறுக.

விருப்பமே மெய்யாகக் குறைந்த காலங்களும் உள. 2000ஆம் ஆண்டையொட்டி இணைய வணிகக் குமிழி அமெரிக்காவில் வெடித்தது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் புகும் முதலாண்டு மாணாக்கருட் கணினியியலைத் தம் துறையாகக் கருதியோர் விகிதம் அடுத்த ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது வீதஞ் சரிந்தது. நம்மைப் போலவே ஒரு பொதுப் பரீட்சையின் புள்ளிகொண்டு மாணாக்கரைத் தெரியும் அயர்லாந்திலும் கணினிக் கற்கைநெறிகளின் நுழைவுப் புள்ளிகள் அக்காலத்தில் இறங்கின. நிகழ்ந்தது யாது? 2003, 2004ஆம் ஆண்டுகளில் ஊரார் சொற்கேளாது கணினியியலிற் சேர்ந்தோர் 2007, 2008இற் பட்டம் பெற்று வெளிவந்தனர். திறன்பேசி உலகெங்கும் பரவத் தொடங்கிய காலம் அது. ஆட்களோ குறைவு. அமெரிக்கப் பொருளியலறிஞர் ரிச்சட் ஃபிரீமன் 1970களிலேயே பொறியியலாளர் தொழிற் சந்தையை ஆராய்ந்து, இவ்வேற்ற இறக்கத்தைச் சிலந்திவலை மாதிரி என்னும் கோட்பாட்டால் விளக்கினார். இன்றைய சம்பளத்தைப் பார்த்து இளைஞர் படிக்கப் புகுகின்றனர்; அவர்கள் கற்று முடிப்பதற்குள் சந்தை திரும்பிவிடுகின்றது.

எங்கள் கரையோரத்தார்க்கு இதனை விளங்கப் பொருளியல் நூல் வேண்டுவதில்லை. இறாற் பண்ணைகளே போதும். 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் முந்தல், உடப்பு, சிலாபம் எங்கும் நிலத்தை வெட்டிக் குளமாக்கினர். அயலவன் வெட்டினான் என்று இவன் வெட்டினான். எல்லோரும் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயிலிருந்தும் களப்பிலிருந்தும் ஒரே நீரை எடுத்து, அதே நீரிற் கழிவையும் விட்டனர். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. இரண்டாண்டு கழித்து மீண்டும் வந்தது. கைவிடப்பட்ட குளங்கள் வெறுந்தரையாய் வெடித்துக் கிடந்தன. பின்னர், எந்தப் பகுதியார் எந்தத் திங்களிற் குஞ்சு விடுவது என்று நாட்காட்டி வகுத்தே தொழிலை மீட்க வேண்டியதாயிற்று. இறால் விளைய ஏறத்தாழ நான்கு திங்கள். பட்டதாரி உருவாக நான்கு ஆண்டு. நான்கு திங்களுக்கு முன்னோக்கத் தவறியவரே இத்துணை இழந்தாரெனின், நான்காண்டு கடந்து வரப்போவதை ஓராண்டின் எண்ணைக்கொண்டு துணிவார்க்கு என் சொல்வது?

இன்றைய அச்சத்துக்குக் காரணம் வேறு என்பர். 2022ஆம் ஆண்டின் இறுதியில் சட் ஜிபிடி வெளிவந்தபின், நிரல் எழுதும் வேலையை எந்திரமே செய்யத் தொடங்கிற்று. 2025இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத் தொகுதியிற் கணினியியல் மாணாக்கர் தொகை முந்திய ஆண்டினும் நூற்றுக்கு ஆறளவு குறைந்தது. தமிழ் கற்பிக்கும் எமக்கு இங்கே நினைவுக்கு வருவது நம் பதிப்பு வரலாறுதான். அச்சியந்திரம் வந்தபோது ஏடெழுதுவோர் தொழில் அழிந்தது. எழுத்தாணி பிடித்துப் பிரதி செய்து பிழைத்த குடும்பங்கள் வேறு வழி தேடின. ஆனால் அவ்வியந்திரமே, ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந் துணியும் புதியதோர் உழைப்பை வேண்டி நின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தது அவ்வுழைப்பால். பிரதி செய்வோரை அச்சு வென்றது. பிரதிகளுட் சரியானது எது என்று அறிந்தாரை அது தேடி வந்தது. கணினித் துறையிலும், பிறர் சொன்னதை அப்படியே நிரலாக்கிக் கொடுக்கும் வேலை மெலியுமென்றும், எந்திரம் எழுதியதிற் பிழை காணவல்லார்க்கு வேலை மிகுமென்றும் யாம் கருதுகின்றோம். பிழை காணும் ஆற்றலுக்கு அடிப்படை கணிதமும் தருக்கமுமே.

கணிதம் என்றவுடன் எங்கள் கரையோரத்தின் மெய்யான இடர் முன்வந்து நிற்கின்றது. உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுள்ள பாடசாலைகளை 1ஏபி என்றும், கலை, வணிகப் பிரிவுகள் மட்டும் உள்ளவற்றை 1சி என்றும் வகுப்பர். இக்கரையிலே தமிழ்மொழி மூலம் கற்கும் பிள்ளைகளிற் பெரும்பாலார்க்கு அண்மையிலிருப்பது இரண்டாம் வகையே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் இங்கு வந்து குடியேறியபின் தமிழ்மொழி மூல மாணாக்கர் தொகை பெருகிற்று. இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கற்பிப்போர் தொகை அவ்வாறு பெருகவில்லை. வெளிமாவட்டத்திலிருந்து வரும் ஆசிரியர் சில ஆண்டுகளில் இடமாற்றம் பெற்று ஊர் திரும்புவர். அவர்மீது குறை கூறவும் இயலாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் குருநாகலுக்கோ கொழும்புக்கோ சென்று கற்கின்றனர். மீன்பிடிப் படகையும் உப்பளத்துக் கூலியையும் நம்பிய வீட்டுப் பிள்ளை, சாதாரண தரத்திற் கணிதத்தில் ஏ சித்தி பெற்றிருந்தும் கலைப்பிரிவில் அமர்கின்றது. வெட்டுப்புள்ளி எவ்வளவு இறங்கினும் அப்பிள்ளைக்கு யாது பயன்? அது வரிசையிலேயே இல்லையே. ஆணைக்குழுவின் பட்டியலிற் சில மாவட்டங்களுக்கு நேரே எண்ணுக்குப் பதிலாகத் தகுதியுடையார் இலர் என்னும் குறியீடு காணப்படுவதுண்டு. இறங்கிய எண்ணைக் கண்டு கவலுவோர் அக்குறியீட்டைக் கண்டு கவலுவதில்லை.

அயர்லாந்தார் செய்த ஒன்றை ஈண்டுக் குறிப்பிடல் தகும். உயர்நிலைக் கணிதத்திற் சித்தியெய்துவோர்க்கு 2012ஆம் ஆண்டுமுதல் 25 மேலதிகப் புள்ளிகள் வழங்க அவர்கள் முடிவு செய்தனர். பல்கலைக்கழக வாயிலில் தோன்றும் குறை பாடசாலைக் கணித வகுப்பிற் பிறக்கின்றது என்பதை அவர்கள் உணர்ந்தமைக்கு இது சான்று. நமக்கு வேண்டுவது மேலதிகப் புள்ளியன்று, ஆசிரியர்.

இதற்கிடையே, கலைப்பிரிவிலும் வணிகப் பிரிவிலும் இருக்கும் மாணாக்கர் வாயில் முற்றாக அடைபட்டதென்று எண்ண வேண்டா. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் தகவல் முறைமைகள் கற்கைநெறிக்கு உயர்தரத்தில் எப்பிரிவிற் கற்றோரும் விண்ணப்பிக்கலாம். அதே பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டத்துக்கு இசட் புள்ளி வேண்டுவதில்லை, வீட்டிலிருந்தே கற்கலாம். பரீட்சை ஆங்கிலத்திலாகையால், பத்தாம் பதினோராம் வகுப்புகளிலேயே ஆங்கிலத்தையும் கணிதத்தையும் கைவிடாதிருத்தல் வேண்டும். மாணாக்கர்க்கு இதனை எடுத்துரைக்கும் பொறுப்பு எம்போன்ற தமிழாசிரியர்க்கும் உண்டு; அவர்கள் எங்கள் வகுப்புகளிலும் இருப்பவரே.

மாகாணக் கல்வித் துறையினரிடம் யாம் வேண்டுவது பெரிதன்று. கற்பிட்டிக் குடாநாட்டில் ஒன்று, முந்தல், உடப்புப் பகுதியில் ஒன்று என இரு தமிழ்மொழி மூலப் பாடசாலைகளிலேனும் இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் ஐந்தாண்டுக்குக் குறையாது நிலைபெற்றிருக்க வழி செய்க. அவ்வாறு செய்யின் இம்மாவட்டத்திலிருந்து கணினிக் கல்விக்கு விண்ணப்பிப்போர் தொகை கூடும். புத்தளத்தின் நேரே அச்சாகும் வெட்டுப்புள்ளியும் அப்போது உயரும்.