பக்கத்து ஊர்தான், ஆனால் வேறு மாநிலம்

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் குடிபோகலாமா என்ற பேச்சு எந்த வீட்டில் எழுந்தாலும் முதலில் வருவது கிளைமேட்தான். "அங்க ஃபேன்கூட வேண்டாமாம்" என்று ஒருவர் தொடங்குவார். அடுத்தது டிராஃபிக், அதற்கடுத்து வாடகை. சம்பளத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். ஆஃபர் லெட்டர் வந்தபோதே அந்தக் கணக்கு முடிந்திருக்கும். வீட்டில் பிள்ளை எத்தனையாவது படிக்கிறது என்பது கடைசியில் போகிறபோக்கில் வரும், சில வீடுகளில் வரவே வராது. என்னைக் கேட்டால் பேச்சையே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ரயில்பாதை 360 கிலோமீட்டர்தான். 1964 முதல் பிருந்தாவன் ஓடுகிறது. 2022 நவம்பரில் வந்தே பாரத் வந்தபிறகு காலையில் கிளம்பினால் மதிய மீட்டிங்குக்குப் போய்விடலாம். இந்த நெருக்கம்தான் நம்மை ஏமாற்றுகிறது. வேளச்சேரியிலிருந்து அண்ணா நகருக்கு வீடு மாற்றுகிற நினைப்பிலேயே கிளம்பிவிடுகிறோம். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி வந்ததும் மாநிலம் மாறுகிறது. கார் நம்பர் முதல் பிள்ளையின் காலேஜ் சீட் வரை சட்டமும் மாறுகிறது.

கிளைமேட்டை முதலில் முடித்துவிடுவோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், வியர்வை இல்லாத மாலைகள், எல்லாம் உண்மைதான். ஆனால் 2024 ஏப்ரலில் அங்கேயும் வெயில் 38 டிகிரியைத் தாண்டியது. கிளைமேட்டுக்காக ஊர் மாறுகிறவர், ஒரு நாளில் எத்தனை மணி நேரத்தை டிராஃபிக்கில் காருக்குள் ஏ.சி.யில் கழிக்கப்போகிறார் என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூரில் எந்த ஏரியாவில் குடியிருப்பது என்பதை நாம் முடிவு செய்வதில்லை, ஆபீஸ்தான் முடிவு செய்கிறது. ஒயிட்ஃபீல்டுக்கு 2023இலும், எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திராவுக்கு 2025 ஆகஸ்டிலும் மெட்ரோ முழுமையாக வந்துவிட்டது. இந்தத் தடங்களில் ஆபீஸ் அமைந்தால் ஊர் வேறு மாதிரி தெரியும். அவுட்டர் ரிங் ரோடு என்றால் நடந்துபோகும் தூரத்தில் வீடு பாருங்கள். வாடகை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

வாடகை என்றதும் அட்வான்ஸ். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழைய வழக்கம் பெங்களூரில் முழுசாக ஒழிந்துவிடவில்லை. காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பதும் சகஜம். சென்னை ஓனர்களை நான் தியாகிகள் என்று சொல்ல வரவில்லை. இங்கே கொடுத்த அட்வான்ஸ் கைக்கு வருமுன் அங்கே கொடுக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளிக்குக் கையில் பணம் வேண்டும் என்பதுதான் விஷயம்.

கார் இன்னொரு தலைவலி. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே பதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இங்கே ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி., கடனில் வாங்கிய வண்டி என்றால் பேங்கிலும் ஒன்று. கர்நாடகாவில் ஆயுள் வரியைக் கட்டிவிட்டு, இங்கே கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்டு மனுப் போட வேண்டும். பழைய வண்டி என்றால் இங்கேயே விற்றுவிட்டுப் போவது நிம்மதி.

இப்போது பிள்ளைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. கர்நாடகாவில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் கன்னடத்தை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது பிரச்சினையே இல்லை. தெருப் பிள்ளைகளோடு விளையாடியே கற்றுக்கொள்ளும். ஏழாம் வகுப்பில் போய்ச் சேருகிற பிள்ளை, மற்றவர்கள் கட்டுரை எழுதும்போது எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்.

அதைவிடப் பெரியது காலேஜ். கர்நாடகாவின் சி.இ.டி. வழியாக அரசு ஒதுக்கீட்டு இன்ஜினீயரிங் சீட் வேண்டுமென்றால், வேறு சில பிரிவுகள் இருந்தாலும், பொதுவான விதி ஒன்றுண்டு: ஒன்றாம் வகுப்பு முதல் பியூசி வரை குறைந்தது 7 ஆண்டு அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் போய்ச் சேர்ந்தால் பன்னிரண்டு முடியும்போது சரியாக ஏழு. ஏழாம் வகுப்பில் சேர்ந்தால் ஆறுதான்.

இந்தப் பக்கமோ எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கலந்தாய்வுக்கு வர நேட்டிவிட்டி சான்றிதழ் காட்ட வேண்டும். ஆகவே ஏழாம் வகுப்புக்கு மேல் பிள்ளையோடு போகிறவர்கள், தாசில்தார் அலுவலகத்தில் அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு லாரியில் சாமான் ஏற்றுவது நல்லது.

சாதிச் சான்றிதழ் கதை இன்னும் கடினம். இங்கே 69 சதவீத இடஒதுக்கீட்டில் பிசி, எம்பிசி என்று இருக்கும் குடும்பம், அத்திப்பள்ளியைத் தாண்டினால் அந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டுக் கணக்கில் பொதுப்பிரிவுதான். பட்டியல் சாதியினருக்கும் இதே நிலை. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதி, பழங்குடிச் சலுகை இடம்பெயர்ந்த மாநிலத்துக்குக் கூடவே வராது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்திய அரசுக் கல்லூரிகளில் சொந்த மாநிலச் சாதிச் சான்றிதழ் செல்லும். மாநிலக் கல்லூரிகளில் செல்லாது. சம்பளத்தில் முப்பது சதவீதம் கூடுகிறது என்று கணக்குப் போடுகிறவர்கள், நான்கு ஆண்டு தனியார் காலேஜ் ஃபீஸையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

தண்ணீரில் இரண்டு ஊரும் கெட்டவைதான். 2019இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2024இல் பெங்களூரின் போர்வெல்கள் வறண்டன. காவிரி இணைப்பு இருக்கிறதா, லாரித் தண்ணியா என்று அபார்ட்மென்ட் செக்யூரிட்டியிடம் கேளுங்கள். புரோக்கர் உண்மையைச் சொல்ல மாட்டார்.

பெங்களூரில் தமிழுக்குப் பஞ்சமில்லை. அல்சூரில் பல தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009இல்தான் திறக்கப்பட்டது என்பதும் அதே அல்சூரின் கதை. 1991இலும் 2016இலும் காவிரியை வைத்துக் கலவரம் நடந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளை 2016இல் எரித்தார்கள். இதற்காக யாரும் போகாமல் இருக்க வேண்டியதில்லை. கன்னடம் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அது கஷ்டமான மொழியும் அல்ல.

என் கணிப்பு இதுதான்: பிள்ளை இல்லை, அல்லது ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை என்றால் தயங்காமல் போங்கள். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இருந்தால் ஒருவர் மட்டும் போய் ஆபீஸ் பக்கத்தில் பி.ஜி.யில் தங்குவதே மேல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி ஏறி, ஞாயிறு இரவு திரும்பும் அப்பாக்களும் அம்மாக்களும் ஏற்கெனவே நிறைய உண்டு. இந்தப் பிழைப்புக்கு எச்.ஆரிடம் எழுத்தில் வாங்க வேண்டியது ஜாயினிங் போனஸைவிட முக்கியமான வேறொன்று: வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸுக்கு வந்தே ஆக வேண்டும் என்பது. மூன்று நாள் என்றால் தாங்கும். ஐந்து நாள் என்றால் சனிக்கிழமை முழுக்கத் தூக்கம்தான்.