புத்தகப் பையில் கத்தி: பிள்ளையிடம் முதலில் என்ன கேட்பது?

2025 செப்டம்பர் முதலாம் திகதியிலிருந்து விக்டோரியா மாநிலத்தில் ‘மஷெட்டி’ என்கிற அகன்ற வெட்டுக்கத்தியை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 47,000 டொலருக்கு மேல் தண்டம். அந்த மே 25இல் நோர்த்லாண்ட் ஷொப்பிங் சென்டருக்குள் பட்டப்பகலில் நடந்த வெட்டுக்குத்துக்குப் பிறகு, மூன்றே நாளில் விற்பனையை நிறுத்தினார்கள். அடுத்ததாக வந்ததுதான் இந்தத் தடை.

தடை வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. செப்டம்பர் 6 இரவு மெல்பேர்ணின் மேற்குப் பக்கம் கோபிள்பேங்கில் 12 வயதும் 15 வயதுமான இரண்டு சிறுவர்கள் தாக்கிக் கொல்லப்பட்டார்கள். கூடைப்பந்து விளையாடிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள்.

கோபிள்பேங்க் நகரத்தின் அந்தக் கரை, ஸ்பிரிங்வேல் இந்தக் கரை. ஆனால் அந்தச் செய்தி வந்த இரவு எங்கட அம்மாமாரின் வட்ஸ்அப் குழுவில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. வந்த பதில்களை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, “இனிமேல் பிள்ளையைத் தனிய ட்ரெயினில விடமாட்டன்.” மற்றது, “அந்த ஆக்களோட சேர விடாதேங்கோ.” இரண்டும் பயத்தில் வருகிற பேச்சு. எனக்கும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகன் இருக்கிறான், அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஆனால் இந்த இரண்டு பதிலும் பிள்ளையைக் காப்பாற்றப் போதாது.

‘அந்த ஆக்கள்’ யார்?

நான் ஸ்பிரிங்வேலில் வளர்ந்தவள். 1970இல் இங்கே திறந்த எண்டர்பிரைஸ் ஹொஸ்டல் 1992இல் மூடும்வரை ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு முதல் வீடாக இருந்தது. வியட்நாமியர், கம்போடியர் என்று வந்தவர்கள் பக்கத்திலேயே கடை போட்டு, வீடு வாங்கி, இந்த ஊரை ஊராக்கினார்கள். ஆனால் 90களின் பிற்பகுதியில் ஸ்பிரிங்வேல் என்ற பெயர் பத்திரிகையில் வந்தால் அது பெரும்பாலும் ஹெரோயினைப் பற்றித்தான். அப்போது ‘அந்த ஆக்கள்’ வியட்நாமியப் பெடியள்.

2007 செப்டம்பரில், இங்கிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி நோபிள் பார்க்கில், சூடானிலிருந்து அகதியாக வந்த 18 வயது இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு நாடு முழுக்க நடந்த விவாதம், சூடானியர்கள் இந்த நாட்டோடு ஒத்துப்போகிறார்களா என்பது. அவரைக் கொன்றவர்கள் சூடானியர்கள் இல்லை. செத்தவனின் சமூகம்தான் குற்றவாளிக் கூண்டில் நின்றது.

இதை ஏன் எங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன் என்றால், ஒரு காலத்தில் ரொறன்ரோவில் ‘அந்த ஆக்கள்’ நாங்கள்தான்.

ரொறன்ரோவில் எங்கட பிள்ளையள்

1990களில் ஸ்காபரோவில் தமிழ் இளைஞர் கும்பல்கள் இரண்டு ஒன்றையொன்று துரத்தின. அதில் ஒன்றின் பெயர் ‘வீ.வீ.ரி.’, எங்கட ஊர் ஒன்றின் பெயரே. 1997 டிசம்பரில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் மாணவன், விடுமுறைக்கு வந்த இடத்தில், டோனட் கடை ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்டான். எந்தக் கும்பலோடும் அவனுக்குத் தொடர்பில்லை. வேறு யாரோ என்று நினைத்துச் சுட்டார்கள். 2001 ஒக்டோபரில் பொலிஸார் பெரிய அளவில் வளைத்துப் பிடித்தார்கள். சிலர் நாடுகடத்தப்பட்டார்கள்.

பிடித்ததும் அனுப்பியதும் கதையின் ஒரு பாதிதான். மற்றப் பாதியைத் தமிழ் இளைஞர்களே செய்தார்கள். 90களின் கடைசியில் அவர்கள் சேர்ந்து கனேடியத் தமிழ் இளைஞர் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். பள்ளி முடிந்த நேரத்தில் படிப்பு உதவி, வயதில் கொஞ்சம் மூத்த அண்ணா அக்காமாரின் வழிகாட்டல், பிள்ளைக்கும் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்று கதைக்க ஒரு ஆள். போரிலிருந்து வந்த பிள்ளைகள், இரண்டு வேலை செய்த அப்பா அம்மா, வீட்டில் கதைக்க ஒருவரும் இல்லாத பின்னேரங்கள். அந்தக் காரணங்களைத் தமிழ் தெரிந்தவர்கள் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள்.

இன்று மெல்பேர்ணில் ஒரு தென்சூடான் அம்மா படுகிற பாட்டை ரொறன்ரோவில் ஒரு தமிழ் அம்மா ஏற்கெனவே பட்டிருக்கிறாள்.

கத்தி ஏன் பைக்குள் போகிறது?

கத்தி கொண்டு போகிற பிள்ளை எல்லாம் வெட்டப் போகிற பிள்ளை இல்லை. நிறையப் பிள்ளைகள் சொல்கிற காரணம் ஒன்றுதான்: பயம். மற்றவன் வைத்திருக்கிறான் என்ற நம்பிக்கையில் இவனும் வைக்கிறான். இவன் வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு இன்னொருவன் வைக்கிறான். வெறும் தள்ளுமுள்ளாக முடிய வேண்டிய சண்டை, கத்தி இருந்ததாலேயே கொலையாகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, மகனின் பையில் சாப்பாட்டுப் பெட்டியைத் தேடும்போது பக்கப் பையில் ஒரு பழம் வெட்டுகிற கத்தியைக் கண்டார். பிள்ளைக்கு 14 வயது. நல்லாப் படிக்கிறவன், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கும் போகிறவன். கத்துவதற்கு வாய் வரைக்கும் வந்ததாம். கத்தவில்லை. காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பார்க்குக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “யாருக்கு அப்பு பயப்படுறாய்?”

பத்து நிமிஷம் பேச்சில்லை. பிறகு எல்லாம் வந்தது. ஸ்டேஷனில் மூன்று பேர் இவனுடைய போனையும் சப்பாத்தையும் கேட்டு வெருட்டிய கதை. இரண்டு மாதமாக நடக்கிறது. “சொன்னா நீங்க ஸ்கூலுக்கு வந்து சத்தம் போடுவீங்க, பிறகு எனக்குத்தான் அடி விழும்” என்றானாம்.

“ஏன் கத்தி வைச்சனி?” என்று கேட்டிருந்தால் பொய்தான் வந்திருக்கும். “யாருக்குப் பயப்படுறாய்?” என்று கேட்டதால் உண்மை வந்தது. அடுத்த நாள் அவர் வகுப்புப் பொறுப்பாசிரியருக்கு அமைதியாக ஒரு மின்னஞ்சல் போட்டு, மகனின் பெயர் வெளியே வராமல் சந்திக்கக் கேட்டார். பள்ளி விடுகிற நேரத்தில் ஸ்டேஷனில் ஒரு ஆசிரியர் நிற்கத் தொடங்கினார். கத்தி சமையலறைக்குத் திரும்பியது.

கோள் சொல்வது வேறு, உதவி கேட்பது வேறு

அமெரிக்காவின் சீக்ரெட் சேர்விஸும் கல்வித் திணைக்களமும் சேர்ந்து 2002இல் ஒரு ஆய்வு வெளியிட்டன. 1974இலிருந்து 2000வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை எடுத்துப் பார்த்தார்கள். 81 சதவீதமானவற்றில் குறைந்தது ஒருவருக்காவது முன்பே ஏதோ தெரிந்திருந்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் இன்னொரு பிள்ளை. அவை பெரும்பாலும் துப்பாக்கிச் சம்பவங்கள், இங்கே நிலைமை வேறு. ஆனால் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும் என்ற விஷயம் எல்லா நாட்டுக்கும் பொது.

எங்கட பிள்ளைகள் இரண்டு பக்கத்தாலும் வாய் கட்டப்பட்டவர்கள். வீட்டில் “கோள் சொல்லாத” என்று வளர்க்கிறோம். பள்ளியில் ‘டொபர்’ என்று பெயர் வாங்கினால் அதைவிடக் கேவலம் இல்லை. ஆகவே இந்த வித்தியாசத்தை நாங்கள்தான் வார்த்தையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: ஒருவனை மாட்டிவிடச் சொல்வது கோள். ஒருவன் காயப்படாமல் இருக்கச் சொல்வது உதவி. ஆறு வயதிலேயே இது விளங்கும். பதினாறு வயதில் முதல்தடவை சொன்னால் விளங்காது.

பிள்ளை உங்களிடம் ஒன்றைச் சொன்னால், உடனே எல்லாருக்கும் போன் போடாதீர்கள். “இதை நான் யாருக்குச் சொல்லலாம்? எப்படிச் சொல்லலாம்?” என்று பிள்ளையையே கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், கேட்காமல் உடனே செய்யுங்கள். அதையும் முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

பள்ளியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எங்கட அப்பா அம்மாவுக்குப் பள்ளி என்றால் ரிப்போர்ட் கார்ட் வருகிற இடம். எங்களுக்கு இந்த நாட்டின் மொழி தெரியும், முறை தெரியும். அதைப் பாவிக்க வேண்டும்.

விக்டோரியாவின் அரச உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு மனநல உதவியாளர் வேலை செய்கிறார். அவரைப் பிள்ளை இலவசமாகப் பார்க்கலாம். அவருடைய பெயர் தெரியுமா என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். 2022 ஜூலையிலிருந்து மாநிலத்தில் 11 சிறுவர் பாதுகாப்பு நியமங்கள் நடைமுறையில் உள்ளன. பண்பாட்டு வேறுபாட்டை மதிப்பதும், குடும்பங்களை முடிவுகளில் சேர்ப்பதும் அதில் அடக்கம். “எங்கட பள்ளியில் இதை எப்பிடிச் செய்யிறீங்கள்?” என்று கேட்பது உங்கள் உரிமை. பள்ளிக் கவுன்சிலில் பெற்றோருக்கு இடம் உண்டு. ஸ்பிரிங்வேல் போன்ற ஊரில் அந்த இடத்துக்குப் பலர் போட்டி போடுவதில்லை.

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்குகிற பேச்சு வந்தால், கூட்டத்துக்கு நீங்கள் போகலாம், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், முடிவை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம். நீக்கப்பட்ட பிள்ளைக்குப் பகல் முழுக்கத் தெருதான் மிச்சம். அதனால் தண்டனையோடு பள்ளிக்குத் திரும்பும் வழியும் இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டியது அடிபட்ட பிள்ளையின் பெற்றோரும்தான்.

இது வெறும் நல்லெண்ணப் பேச்சு இல்லை. கத்திக்குத்துக்குப் பெயர் போன கிளாஸ்கோவில் 2005இல் பொலிஸாரே வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். வன்முறையைத் தொற்று நோய் மாதிரிப் பார்த்து, பொலிஸோடு ஆஸ்பத்திரி, பள்ளி, வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் சேர்த்தார்கள். அடுத்த பத்து வருஷத்தில் ஸ்கொட்லாந்தில் கொலைகள் பாதிக்கும் கீழே இறங்கின. எங்கட டாண்டினோங் பக்கத்திலும் பொலிஸ்காரர் ஒருவரோடு இளைஞர் பணியாளர் ஒருவரும் சேர்ந்து போகிற திட்டம் உண்டு. கத்தியைப் பறிப்பது ஒருவர் வேலை, ஏன் வைத்தாய் என்று கேட்பது மற்றவர் வேலை.

வீட்டில் செய்யக்கூடியவை

பள்ளி விட்ட மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரையான நேரத்தைக் கவனியுங்கள். இரண்டு பேரும் வேலை என்றால் பிள்ளைக்குப் போக ஒரு இடம் வேண்டும். 2020இல் திறந்த ஸ்பிரிங்வேல் நூலகமும் சமூக மையமும் அதற்கு நல்ல இடம். கிரேட்டர் டாண்டினோங் மாநகர சபையின் இளைஞர் சேவைகளும் உண்டு. எல்லாப் பின்னேரத்தையும் டியூஷனால் நிரப்பத் தேவையில்லை. கூடைப்பந்தும் பாதுகாப்புத்தான்.

கராஜைப் பாருங்கள். 20 சென்ரிமீற்றருக்கு மேல் நீளமான அகன்ற அலகு உள்ள கத்தி தடைக்குள் வரும். சமையலறைக் கத்தி வராது. தோட்டத்துக்கென்று வாங்கிய காட்டுக்கத்தி வரலாம். ஒப்படைப்பதற்குக் கொடுத்த மன்னிப்புக் காலம் 2025 நவம்பர் 30உடன் முடிந்துவிட்டது. அப்படி ஒன்று இருந்தால் காரில் தூக்கிக்கொண்டு போகாமல், 131 444இல் பொலிஸை அழைத்து என்ன செய்வது என்று கேளுங்கள்.

சண்டை நடந்தால் போனைத் தூக்கிப் படம் பிடிக்காதே, விலகிப் போ, பெரியவரைக் கூப்பிடு என்று சொல்லி வையுங்கள். பார்வையாளர் கூட்டம் இல்லாவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே அணைந்துவிடும். போன் கேட்டால் கொடுத்துவிடு, சப்பாத்துக் கேட்டால் கழட்டிக் கொடு, வீட்டில் ஒருவரும் ஏச மாட்டம் என்றும் சொல்லுங்கள். ஆயிரம் டொலர் போனைத் துலைத்தால் அப்பா என்ன சொல்வாரோ என்ற பயத்தில் ஒரு பிள்ளை கத்திக்கு முன்னால் நிற்கக்கூடாது.

இந்த இலக்கங்கள் பிள்ளையின் போனிலும் இருக்கட்டும். உடனடி ஆபத்துக்கு 000. பிள்ளைகள் தாங்களே அழைத்துக் கதைக்க கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800. பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க கிரைம் ஸ்டொப்பர்ஸ் 1800 333 000. அம்மம்மா, அப்பப்பாவுக்குத் தமிழில் உதவி தேவை என்றால் மொழிபெயர்ப்புச் சேவை 131 450.

கடைசியாக ஒன்று. உங்கள் பிள்ளையின் வகுப்பில் வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்றின் அம்மா அல்லது அப்பாவின் பெயரும் இலக்கமும் உங்களிடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் வருகிற பள்ளிக் கூட்டத்தில் போய்க் கதைத்து வாங்குங்கள். ஸ்டேஷனில் ஏதாவது நடந்தால் பொலிஸுக்கு முன்னால் ஓடிவரக்கூடியவர் அவராக இருக்கலாம். அவருடைய பிள்ளைக்கு ஒன்று என்றால், அது நீங்களாக இருக்கலாம்.