புகையும் அடுப்பு புகல்வதென்ன?

எரிவாயு அடுப்பு இன்று பெரும்பாலான இல்லங்களில் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் விறகடுப்பு நம்மைவிட்டு நீங்கிவிடவில்லை. குளிக்க வெந்நீர் போடுவதற்கும், நெல் அவிப்பதற்கும், விசேஷ நாட்களில் பெரிய அண்டாவில் சோறு வடிப்பதற்கும் நாம் விறகடுப்பையே நாடுகிறோம். சிலிண்டர் வாங்கக் கையில் பணமில்லாத வீடுகளில் அன்றாடச் சமையலும் அதில்தான் நடைபெறுகிறது. அதன்முன் அமர்பவர்கள் நம் அன்னையரும் பாட்டியரும், பள்ளி விட்டு வீடு சேர்ந்த நாமுமே. ஆகவே அந்த அடுப்பைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நமது கடமையாகும்.

'நெருப்பில்லாமல் புகையாது' என்பது பழமொழி. நெருப்பு செவ்வையாக எரிந்தால் அதிகம் புகையாது என்பது அறிவியல். விறகு சூடேறும்போது அதிலிருந்து வாயுக்கள் வெளிப்படுகின்றன. போதிய காற்றும் வெப்பமும் கிடைத்தால் அவை சுடராக எரிந்து நமக்குப் பயன்படுகின்றன. கிடைக்காவிட்டால் எரியாமலே புகையாக வெளியேறுகின்றன. அதாவது, புகை என்பது நாம் காசு கொடுத்து வாங்கிய, அல்லது தலைச்சுமையாய்ச் சுமந்து வந்த விறகின் எரியாத பகுதியே. அது வீணாவதோடு நிற்பதில்லை. நம் நுரையீரலிலும் கண்ணிலும் புகுந்து கேடு விளைவிக்கிறது. வீட்டிற்குள் எழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் 2,37,000-க்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அடுப்பெரியும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வதும், அருகில் தொட்டில் கட்டுவதும் எவ்வளவு தவறு என்பதை இதிலிருந்து உணரலாம்.

அடுப்பு புகைந்தால் அது நம்மிடம் ஏதோ குறை சொல்கிறது என்று பொருள். அக்குறை பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: விறகு ஈரம், காற்று போதாமை, கரி அடைப்பு.

முதலில் விறகு. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீரே. 30 டிகிரி வெப்பத்திலுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல் ஏழு மடங்குக்கும் மேல், கொதித்த அந்நீரை ஆவியாக்கத் தேவை. ஈர விறகை அடுப்பில் வைத்தால் தீயின் பெரும்பகுதி உலையைக் காய்ச்சாமல் விறகையே காய்ச்சிக்கொண்டிருக்கும். சவுக்கோ கருவேலமோ புளியோ, எதுவாயினும் பிளந்து அடுக்கி, மழை படாமல் சில மாதங்கள் உலரவிட வேண்டும். நன்கு காய்ந்த விறகின் முனையில் வெடிப்பு காணும். இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். விறகுக் குவியலில் தேளும் பாம்பும் தங்கக்கூடும். எனவே ஒரு கோலால் தட்டிய பிறகே எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பை, டயர்த் துண்டு, சாயம் பூசிய பலகை ஆகியவற்றைத் தீ மூட்டப் பயன்படுத்தலாகாது. அவற்றின் புகை நஞ்சு. அரளிக் கட்டையையும் எரிக்கக் கூடாது. தென்னம்பாளையும் காய்ந்த சுள்ளியும் இருக்கையில் இவை எதற்கு?

இரண்டாவது காற்று. அடுப்பின் வாய் நிறைய விறகைத் திணித்தால் தீ வளரும் என்று நினைக்கிறோம். உண்மை அதற்கு மாறானது. விறகு வாயை அடைத்துக்கொள்ள, தீ மூச்சுத் திணறுகிறது. ஊதுகுழலும் கையுமாக நாமும் திணறுகிறோம். இரண்டு மூன்று மெல்லிய விறகுகளை இடைவெளி விட்டு வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளி வருவதே முறை. விறகின் அடியில் சிறு இரும்புச் சல்லடை வைத்தால் கீழிருந்தும் காற்று ஏறும். நேற்றைய சாம்பலை அள்ளிய பிறகே இன்றைய தீயை மூட்ட வேண்டும். சமையலறையில் எதிரெதிராக இரண்டு திறப்புகள் இருப்பது நன்று. பாத்திரத்தை மூடிச் சமைப்பதும், பருப்பை முன்கூட்டியே ஊறவைப்பதும் தீயின் வேலையைக் குறைக்கும்.

மூன்றாவது புகைபோக்கி. இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியியல் அறிஞர் எஸ். பி. ராஜு புகையில்லாச் சமையலறையைப் பற்றி எழுதிய சிறு நூல் 1953-ல் சென்னையில் வெளியாயிற்று. 1983-ல் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கென ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-ல் அது முடிவதற்குள் மூன்று கோடிக்கும் அதிகமான அடுப்புகள் நாடெங்கும் அமைக்கப்பட்டன. ஆயினும் அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே பயனற்றுப் போயின. பராமரிப்பு இல்லாமற்போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அடுப்பைக் கட்டித் தருபவர் ஒரு நாள் வருவார்; அதைக் காப்பவரோ நாள்தோறும் வீட்டில் இருக்க வேண்டும்.

புகைபோக்கியின் உட்புறத்தில் படியும் கரி தானே தீப்பற்றக்கூடியது. தினமும் எரியும் அடுப்பானால் மாதம் ஒருமுறையேனும், அடுப்பு முற்றிலும் ஆறியபின், நீண்ட கோலின் நுனியில் கந்தலைக் கட்டி உள்ளே விட்டுத் துடைக்க வேண்டும். அப்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க. மண் அடுப்பில் வெடிப்பு கண்டால் களிமண்ணும் உமியும் குழைத்துப் பூசி மெழுக வேண்டும். புகைபோக்கி உள்ள இரட்டை அடுப்பில் இரண்டாம் கண்ணைத் திறந்து போடாமல், வெந்நீருக்காவது ஒரு பாத்திரம் வைத்து மூடினால், புகை அறைக்குள் வராமல் மேலே செல்லும்.

இனி, தீ விபத்து. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பிறந்த தீ ஓலைக்கூரையைப் பற்றிக்கொண்டு 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. அடுப்புக்கு மேல் ஓலை இருக்கும் ஒவ்வொரு வீட்டிற்கும் அது ஓர் எச்சரிக்கை. தகரப் புகைக்குழாய் கூரையைத் தொடவே கூடாது. பரணில் விறகையும் வறட்டியையும் அடுப்புக்கு நேர் மேலாக அடுக்கக் கூடாது. புகையும் அடுப்பில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றினால், தீ குப்பென்று எழுந்து ஊற்றிய கையையே பற்றும். தாவணியையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொண்டு, கூந்தலை முடிந்தபின் அடுப்பருகே அமர்க. நைலான் துணி உருகித் தோலில் ஒட்டும். பருத்தி ஆடையே நல்லது. அணைந்ததுபோல் தோன்றும் சாம்பலுக்குள் கங்கு மறுநாள்வரைகூட உயிரோடிருக்கும். ஆகவே நீர் தெளித்து ஆறவைத்த பிறகே அதைக் கொட்ட வேண்டும்; வைக்கோற்போர் அருகே கொட்டவே கூடாது. குளிருக்காகத் தணல்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைத்து உறங்குவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை அது எழுப்புவதுமில்லை.

ஆடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. ஓடினால் காற்று தீயை வளர்க்கும். உடனே தரையில் படுத்து உருள வேண்டும். அருகிலிருப்போர் கம்பளியால் மூடி அணைக்கலாம். எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் தட்டால் மூட வேண்டும். சுட்ட புண்ணில் 20 நிமிடம் குளிர்ந்த நீர் ஓடும்படி விடுவதே முதலுதவி. வீங்குமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றுக. மையோ மாவோ பற்பசையோ பூசாதீர்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாகப் போர்த்தி மருத்துவரிடம் செல்க. அவசரத்திற்கு 108, தீயணைப்புக்கு 101. இவ்விரு எண்களையும் சமையலறைச் சுவரில் எழுதி வைப்போமாக.

'அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு?' என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். ஈர விறகை ஊதி ஊதிக் கண் மங்கிய நம் பாட்டிமாரைக் கேட்டால், அடுப்புக்கும் படிப்பு வேண்டும் என்றே சொல்வார்கள். இவ்வாண்டு விடுமுறையில் மாணவியர் ஒவ்வொருவரும் தம் வீட்டு அடுப்பையோ, அண்டை வீட்டு அடுப்பையோ ஒருமுறை உற்றுப் பார்ப்போம். சாம்பலை அள்ளுவோம், வெடிப்பை அடைப்போம், பரணைக் காலி செய்வோம். அம்மாவின் இருமல் சிறிது குறைந்தாலும் நாம் கற்ற கல்வி வீட்டிற்கு வந்து சேர்ந்தது எனலாம்.