எங்கள் வீட்டுச் சேவையகமும் எண்பது பக்கக் கொப்பியும்

எங்கள் வீட்டில் ஒரு சேவையகம் இருக்கிறது என்றால் தோழிகள் சிரிப்பார்கள். அது நானாவின் பழைய மடிக்கணினிதான். உபுண்டு லினக்ஸைப் போட்டு, யூ.எஸ்.பி. வழியாக ஒரு வன்தட்டை மாட்டி, ரவுட்டருக்குப் பக்கத்தில் மூடி வைத்திருக்கிறார். அதிலுள்ள கோப்புகளை வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளிலும் திறக்கலாம். என் உயர்தரப் பாடக்குறிப்புகள், வாப்பாவின் தென்னந்தோட்டக் கணக்கு, உம்மம்மாவின் மன்னார்க் காணி உறுதிகளின் படங்கள் எல்லாம் அதில்தான். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு மதுரங்குளிக்கு வந்தபோது அவர் கையில் கொண்டுவந்த உறுதிகள் அவை. பிறகு ஒன்றைக் கறையான் அரித்துவிட்டது. அதற்குப் படம் மட்டுமே மிச்சம்.

சென்ற வருடம் ஒருநாள் நீண்ட மின்வெட்டு. பற்றரியும் தீர்ந்து சேவையகம் நின்றது. கரண்ட் வந்ததும் போட்டுப் பார்த்தேன். கோப்புறை வெறுமையாக இருந்தது! வன்தட்டு பழுதாகிவிட்டதென்று நினைத்து, ஃபோர்மட் செய்து பார்ப்போமா என்றுகூட யோசித்தேன். நல்ல வேளையாக முதலில் கத்தாரிலிருக்கும் நானாவைக் கேட்டேன்.

“அஞ்சு மாசத்துக்கு முந்தி புது வன்தட்டு மாட்டினேனே, அதைக் கையால இணைச்சிட்டு அப்படியே விட்டுட்டேன் போல” என்றார்.

லினக்ஸில் வன்தட்டை ஒரு கோப்புறையோடு இணைக்க வேண்டும். கட்டளை கொடுத்து இணைத்தால், இயந்திரம் நிற்கும்வரைதான் அது நிலைக்கும். ஒவ்வொரு முறையும் தானாக இணைய வேண்டுமென்றால் ‘எஃப்எஸ்டாப்’ என்ற கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி இல்லை. படங்கள் வன்தட்டில் பத்திரமாகவே இருந்தன. அதற்குப் போகும் வழிதான் இல்லாமற் போயிருந்தது.

இத்தகைய மாற்றங்களைப் பதிந்து வைக்க ‘கிட்’ என்ற மென்பொருள் உண்டு. லினக்ஸை ஆரம்பித்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது. எந்த வரி எப்போது மாறியது என்பதைக் காட்டும். பழைய நிலைக்குத் திரும்பவும் விடும். அதன் துணையோடு இயங்கும் ‘ஈடிசி கீப்பர்’, அமைப்புக் கோப்புகளின் மாற்றங்களை நாள்தோறும் தானே பதிந்துகொள்ளும். இரண்டையும் இப்போது போட்டிருக்கிறோம். ஆனால் கடவுச்சொல் சம்பந்தமான கோப்புகளும் அந்தப் பதிவில் சேர்ந்துவிடும். அதை இணையத்தில் பொதுவாக வைக்கவே கூடாது. உறுதிப் படங்களுக்கு அது காப்புப் பிரதியும் ஆகாது. அவற்றை வேறொரு தட்டில் தனியாக எடுத்து வைத்தேன்.

யோசித்துப் பார்த்தால், அன்று கிட் இருந்திருந்தாலும் ஒன்றும் காட்டியிராது. நானா எந்தக் கோப்பையும் மாற்றவில்லையே, எழுத வேண்டியதை எழுதாமல்தானே விட்டார்! அதோடு, சேவையகம் நின்றுபோனால் அதற்குள் இருக்கும் பதிவை எப்படி வாசிப்பது?

ஆகவே ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு எண்பது பக்கக் கொப்பி வைத்தேன். திகதி, செய்தது என்ன, ஏன் செய்தோம், திரும்ப எடுப்பது எப்படி, மறுபடி இயக்கிப் பார்த்தோமா என்று கோடு போட்டேன். ‘ஏன்’ என்ற இடத்தை நிரப்பத்தான் எல்லோருக்கும் பஞ்சி. நானா கத்தாரிலிருந்து ஏதும் மாற்றினால் குரல் செய்தி அனுப்புவார், நான் எழுதுவேன்.

போன வாரம் உம்மாவின் கையெழுத்தில் ஒரு பதிவு: “ரவுட்டர் வயரைக் கழற்றித் தூசு துடைத்தேன். எறும்பு. திரும்பப் போட்டாச்சு.”