பால்மரத்தின் மூன்று வழிகள்

ரப்பர் மரத்தின் பாலை அம்மரத்தின் குருதி என்பாரும், வேர் உறிஞ்சிய நீரே பாலாகி வடிகிறது என்பாரும் உளர். இரண்டு கருத்தும் பொருந்தா. பால்மரத்தின் உடலுக்குள் நீர், சர்க்கரை, பால் ஆகிய மூன்றும் தனித்தனிக் குழாய்களில் இருக்கின்றன. மூன்றையும் 'சாறு' என்னும் ஒரே சொல்லால் குறிப்பதனாலேயே மாணவர்க்குக் குழப்பம் நேர்கிறது. ஆதலின் மூன்றையும் பிரித்துக் காண்பது நலம்.

நீரின் வழி

வேர்த்தூவிகள் மண்ணிலிருந்து உறிஞ்சும் நீர், தண்டின் கட்டைப் பகுதியிலுள்ள நுண்குழாய்கள் வழியே இலையை அடைகிறது. இக்குழாய்கள் உயிர் நீங்கிய வெற்றுக் கூடுகள். அவற்றில் நீரை மேலேற்றுவது எது? வளிமண்டல அழுத்தம் நீரை ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திற்கே தூக்க வல்லது. பால்மரமோ 20 மீட்டருக்கு மேலும் வளர்கிறது.

இப்புதிருக்கு அயர்லாந்து அறிஞர்களான டிக்சனும் ஜோலியும் 1894-ஆம் ஆண்டில் விடை கூறினர். இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகும்பொழுது அதன் பின்னுள்ள நீர் இழுக்கப்படுகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஆகவே இலையில் தொடங்கும் இழுப்பு, கிணற்றுக் கயிற்றின் இழுப்பைப்போல அறுபடாமல் வேர்வரை எட்டுகிறது. இழுக்கும் ஆற்றலைத் தருவது கதிரவனின் வெப்பமேயாகும்.

சர்க்கரையின் வழி

இலை ஆக்கிய சர்க்கரை, பட்டையின் உட்புறத்திலுள்ள உயிருள்ள குழாய்களில் செல்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் மால்பிகி, மரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக நீக்கிப் பார்த்தார். வளையத்திற்கு மேலுள்ள பகுதி பருத்தது. கட்டை வழியே நீர் சென்றதால் இலைகள் உடனே வாடவில்லை. ஆனால் கீழிறங்கும் உணவு தடைப்பட்டது. இவ்வாறு பட்டை உரிக்கப்பட்ட மரத்தின் வேர்கள் நாளடைவில் பட்டினியால் மாய்கின்றன.

இச்சர்க்கரை ஓடும் விதத்தை 1930-இல் ஜெர்மானிய அறிஞர் மூன்ச் விளக்கினார். இலையருகே குழாய்களில் சர்க்கரை மிகும்பொழுது, அடுத்துள்ள கட்டைக் குழாய்களிலிருந்து நீர் உட்புகுந்து அழுத்தம் உயர்கிறது. சர்க்கரை செலவாகும் வேர், தளிர், காய் முதலிய இடங்களில் அழுத்தம் குறைகிறது. மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குச் சாறு ஓடுகிறது. ஆகவே 'உணவு கீழ்நோக்கி மட்டும் செல்கிறது' என்று கற்பித்தல் தவறு. ஆண்டுதோறும் பால்மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் காலத்தில், தண்டில் சேமித்த மாவுப்பொருள் சர்க்கரையாக மாறி மேலே தளிருக்குச் செல்வதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

பாலின் வழி

பால் இருப்பது இவ்விரண்டிலும் அன்று. பட்டைக்குள் வளையம் வளையமாக அமைந்த பாற்குழாய்களில் அது தங்கியிருக்கிறது. சர்க்கரையைக் கொண்டே அங்கு ரப்பர் உருவாகிறது. உருவான ரப்பரை மரம் மீண்டும் உணவாகக் கொள்வதில்லை. ஆதலின் பாலைக் குருதியென்பது பொருந்தாது.

எனினும் பால் வடிவதற்கு நீர் துணைபுரிகிறது. இரவில் இலைத்துளைகள் மூடியிருப்பதால் மரம் நீரால் நிறைகிறது. பாற்குழாய்களின் அழுத்தம் விடியுமுன் 10 வளிமண்டல அழுத்தத்தை எட்டுவதும் உண்டு. வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்க, அழுத்தம் தாழ்கிறது. தொழிலாளர் இருளிலேயே எழுந்து நிரைக்குச் சென்றதன் காரணம் இதுவே. சில மணி நேரத்தில் வெட்டுவாய் உறைந்து அடைபட, மங்கில் வடிவது நிற்கிறது. வெட்டில் எஞ்சி உலர்வதே கோட்டுப்பால்.

கத்தியின் எல்லை

பாற்குழாய்கள் பட்டையின் உட்பகுதியிலேயே மிகுதி. அதற்கும் உள்ளே சர்க்கரைக் குழாய்களும், புதுப்பட்டையை ஆக்கும் மெல்லிய வளர்படலமும், அதன்பின் கட்டையும் உள்ளன. மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். ஆழச் சீவினால் வளர்படலம் காயமுற்று, மரம் முண்டும் முடிச்சுமாகி, மறுவெட்டுக்குப் பயன்படாது போகும். ஆகவே வளர்படலத்திற்கு வெளியே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த ரிட்லி, பட்டையை மெல்லச் சீவி மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார்.

பாற்குழாய்கள் செங்குத்தாக நில்லாமல் சிறிது வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. வெட்டை இடமேலிருந்து வலக்கீழாக இறக்கினால் மிகுதியான குழாய்கள் அறுபடும். அரைச்சுற்று வெட்டும்பொழுது மறுபாதிப் பட்டை தீண்டப்படாமல் நிற்கிறது.

தாவர நூலைத் தொடாத கைகள் இவ்வெல்லையை நாள்தோறும் காத்தன. விளக்கொளியில், மரத்துக்கு மரம், ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் சீவிய தமிழ்த் தொழிலாளரின் திறனை வெறும் உடலுழைப்பு என்று எண்ணுதல் அறியாமை. ரப்பர்த் தோட்டங்கள் பலவும் எண்ணெய்ப்பனைக்கு இடந்தந்துவிட்ட இக்காலத்தில், அத்திறனை நேரில் காணாத மாணவரே மிகுதி.

வகுப்பில் காசித்தும்பைத் தண்டொன்றைச் சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்தினால் நீரின் வழி கண்ணுக்குப் புலனாகும். அதன்பின் ஆசிரியர் பால்மரத்தின் கதையைக் கூறுவாராக. பாடமும் விளங்கும், பாட்டன் பாட்டியர் செய்த தொழிலின் அருமையும் விளங்கும்.