இயந்திரக் கோளாறு நகைச்சுவை: திரைக்கதைக் கருவை வளர்த்தல்

மனிதனுக்கு உதவ வந்த கருவி அவனுக்கே தொல்லையாக மாறுவது, நகைச்சுவைத் திரைப்படங்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் கதைக்கரு. "ஒரு ரோபோ பழுதாகிறது" என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். திரைத்துறையினர் இதை 'ஒன்லைன்' என்பர். ஆனால் இந்த வரியில் கதை இல்லை, ஒரு சம்பவம் மட்டுமே இருக்கிறது. கருவியை யார், எந்த ஆசையில் கொண்டுவந்தார், அதனிடம் சிக்கிக்கொள்பவர் யார் என்பவை சேர்ந்த பிறகே கதைக்கரு உருவாகும்.

இதற்குத் தெளிவான சான்று, சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) படத்தில் வரும் உணவூட்டும் இயந்திரக் காட்சி. டெட்ராய்ட் நகரத் தொழிற்சாலைகளில் ஓடும் பட்டையின் வேகத்துக்கு ஈடுகொடுத்து, சில ஆண்டுகளில் நரம்பு தளர்ந்துபோன இளைஞர்களைப் பற்றி ஒரு பத்திரிகையாளர் சொன்னதே படத்துக்குத் தூண்டுதல் என்று சாப்ளின் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆகவே கரு பிறந்தது இயந்திரத்திலிருந்து அல்ல, தொழிலாளியின் களைப்பிலிருந்து.

படத்தில் முதலாளிக்கு ஒரு குறை. தொழிலாளர்கள் சாப்பிடும் நேரத்தில் வேலை நின்றுவிடுகிறது. சாப்பாட்டு இடைவேளையையே ஒழிக்கும் இயந்திரம் ஒன்றை விற்க ஆட்கள் வருகிறார்கள். விற்க வந்தவர் வாய் திறப்பதில்லை. இசைத்தட்டு ஒன்று அவருக்காகப் பேசுகிறது. இந்தப் படத்தில் பெரும்பாலும் கருவிகள் வழியாகத்தான் மனிதக் குரல் கேட்கும் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சோதனைக்கு அகப்படுபவன் சாப்ளின். கைகளை அசைக்க முடியாதபடி அவனை இயந்திரத்தில் பொருத்திவிடுகிறார்கள். அவன் எழுந்து போய்விட முடியுமானால் காட்சி அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் இயந்திரம் ஒழுங்காகவே வேலை செய்கிறது. சூப் வாய்க்கு வருகிறது, உணவுத் துண்டுகள் தள்ளப்படுகின்றன, துடைப்பான் வந்து உதட்டை ஒற்றுகிறது. சரியாக நடப்பது எப்படி என்று நமக்குப் பழகிவிடுகிறது. எழுதக் கற்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தப் படிதான்; முதல் காட்சியிலேயே புகை கிளப்பிவிடுகிறார்கள். சாப்ளின் படத்தில் மக்காச்சோளக் கதிரின் முறை வரும்போதுதான் வேகம் தறிகெடுகிறது. பிறகு சூப் சட்டையில் கொட்டுகிறது. பழுதுபார்ப்பவர் தட்டில் வைத்த நட்டுகளையும் இயந்திரம் உணவு என்றே வாய்க்குள் தள்ளுகிறது. இத்தனை அமளிக்கு நடுவிலும் துடைப்பான் பணிவாக வந்து துடைத்துவிட்டுப் போகிறது. இயந்திரத்துக்குக் கோபமோ கெட்ட எண்ணமோ கிடையாது. தன் கடமையைச் செய்துகொண்டே இருக்கிறது. சிரிப்பு அதனால்தான் வருகிறது. கடைசியில் முதலாளி அதை வேண்டாம் என்கிறார். தொழிலாளிக்காக இரங்கி அல்ல, நடைமுறைக்கு ஒத்துவராது என்பதால்.

ஒரு நல்ல கரு ஒரு காட்சியோடு தீர்ந்துபோகாது. அதே படத்தில் பின்னர் ஒரு மூத்த இயந்திரப் பணியாளர் பல்சக்கரங்களுக்கிடையே சிக்கி, தலை மட்டும் வெளியே தெரியக் கிடக்கிறார். சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் இயந்திரம் நின்றுவிடுகிறது. இப்போது சாப்ளின் தன் கையாலேயே அவருக்கு ஊட்டுகிறான். முழுக்கோழியைப் புனலாக வைத்துப் பானம் ஊற்றுகிறான். முன்பு மனிதனுக்கு இயந்திரம் ஊட்டியது. இங்கே இயந்திரத்துக்குள் இருப்பவருக்கு மனிதன் ஊட்டுகிறான். கருவைத் திருப்பிப் போட்டுப் பார்த்ததால் கிடைத்த காட்சி இது.

கருவி பழுதாகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25' என்ற மலையாளப் படத்தில் (2019; தமிழில் 'கூகுள் குட்டப்பா', 2022) வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், ஊரிலுள்ள தந்தையைக் கவனிக்க ஒரு ரோபோவைக் கொண்டுவருகிறான். தந்தை அதை மகனாகவே நினைக்கத் தொடங்கிவிடுகிறார். கருவி நன்றாக வேலை செய்ததே அங்கே சிக்கல்.

பயிற்சிக்கு நம் ஊர் நியாயவிலைக் கடையை எடுத்துக்கொள்வோம். "கைரேகைக் கருவி வேலை செய்யவில்லை" என்பது வலுவற்ற தொடக்கம். "வயல் வேலையில் ரேகை தேய்ந்துபோன மூதாட்டி, தான் யார் என்று கருவியிடம் நிரூபிக்க வேண்டும்" என்று எழுதினால் கரு கிடைத்துவிடும். கடையின் விற்பனையாளர் அவருடைய அண்ணன் மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அத்தை, இன்னொரு தடவை விரலை வையுங்க" என்று கெஞ்சுகிறார். கருவி ஏற்கவில்லை. வரிசையில் நிற்கும் அனைவரும் அத்தைக்குச் சாட்சி சொல்கிறார்கள். எண்ணெய் தடவுகிறார்கள், விரலைத் துடைக்கிறார்கள், அடுத்த விரலை வைக்கிறார்கள். "அத்தை, நீங்க யாருன்னு தெரியலைன்னு இது சொல்லுது" என்கிறார் மருமகன், தலையைக் குனிந்துகொண்டு.

இனித் திருப்பிப் போடலாம். மறுநாள் வழக்கம்போல் மோர் குடிக்க அத்தை வீட்டுக்கு வருகிறார் மருமகன். அத்தை வாசலை மறித்து நிற்கிறார். "யாருப்பா நீ? விரலைக் காட்டு, ரேகை பார்க்கணும்."