சீட்டுக் குலுக்கலில் ஒரு கணக்கு



முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்குக் கற்பித்தவன் நான். எனினும், கணக்குப் பாராமல் ஒரு சிறுவனைக் குற்றவாளியாக்கிய நாளும் என் வாழ்வில் உண்டு.

மாமல்லபுரச் சுற்றுலாவுக்கு மூன்று இடங்கள் எஞ்சியிருந்தன. விரும்பியவர்களோ பத்துப் பேர். பெயர்களைச் சீட்டில் எழுதிச் சுருட்டிக் குடத்திலிட்டுக் குலுக்கி, இப்பதின்மரில் சேராத மாணவன் ஒருவனை மூன்று சீட்டுகள் எடுக்கச் சொன்னேன். பதின்மரில் நால்வர் அவனுடைய தெருவினர். வந்த மூன்றில் இரண்டு அந்நால்வர் பெயர்கள். "சீட்டில் அடையாளம் வைத்தாயா?" என்று வகுப்பறியக் கடிந்துகொண்டேன். அவன் பேசவில்லை, தலைகுனிந்து நின்றான்.

அன்றிரவுதான் கணக்கிட்டுப் பார்த்தேன். முதற் சீட்டு பத்தில் ஒன்று. அடுத்தது எஞ்சிய ஒன்பதில் ஒன்று. மூன்றாவது எட்டில் ஒன்று. இவற்றைப் பெருக்க 720 ஆகும். ஆனால் யார் பெயர் முதலில் வந்தது என்பது நமக்கு வேண்டுவதன்று. ஒரே மூவரை 6 விதமாக வரிசைப்படுத்தலாம். ஆகவே 720ஐ 6ஆல் வகுக்க, 120 தேர்வுகள் கிடைக்கின்றன. வரிசை கருதாத இத்தேர்வையே சேர்மானம் என்கிறோம். 1150ஆம் ஆண்டில் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியிலேயே இதற்கு விதி உண்டு.

இனி, நால்வரில் இருவரை 6 வகையிலும், ஏனைய அறுவரில் ஒருவரை 6 வகையிலும் தேர்ந்தெடுக்கலாம், பெருக்க 36. மூவருமே அத்தெருவினராக வந்திருந்தாலும் நான் ஐயுற்றிருப்பேன் அல்லவா? நால்வரில் ஒருவரை விலக்கினால் மூவர் எஞ்சுவர். அதற்கு 4 வகை. ஆக மொத்தம் 40.

சீட்டுகள் ஒரே மாதிரியாக இருந்து நன்கு குலுக்கப்பட்டால், 120 தேர்வுகளுக்கும் சமவாய்ப்பு உண்டு. எனவே நான் ஐயுற்ற நிகழ்ச்சியின் நிகழ்தகவு 120இல் 40. அதாவது மூன்றில் ஒன்று! வஞ்சனையின்றிப் பன்முறை குலுக்கினாலும், ஏறக்குறைய மூன்றுக்கு ஒரு முறை இவ்வாறே நிகழும். மூவரும் அத்தெருவினராக வருவது முப்பதில் ஒன்றே; எனினும் அரியது என்பதனாலேயே அது வஞ்சனைக்குச் சான்றாகிவிடாது.

மறுநாள் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி, வகுப்பறிய அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். அவன் கண்களைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, எங்கள் தெருவினர் ஒருவருமே வராதிருக்க எத்தனை வகை?" என்று கேட்டான்.

அதன் நிகழ்தகவு ஆறில் ஒன்று. அதை அடையும் வழியை நீங்களே கண்டறியுங்கள். பிறர்மீது ஐயம் எழும்போது, முதலில் எண்ணிப் பாருங்கள், பின்னர்ப் பேசுங்கள்.